கிழக்குக் கரையில் ஒரு பகல்

வளைகுடா என்றதும் எம்மவர் மனதில் வருவது மணலும், வானைத் தொடும் கட்டடங்களும், தங்கக் கடைத் தெருவும்தான். டுபாய்க்குப் போய் வந்தவர்கள் காட்டும் படங்களும் அப்படியானவையே. ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு மலையும் ஓடையும் பேரீச்சந் தோட்டமும் மீன்பிடிக் கிராமமுமாக இன்னொரு பக்கம் இருக்கிறது. அங்கே பல வருடங்கள் வேலை செய்தும் அதைக் காணாமலேயே திரும்பி வந்த பெண்கள் எம்மிடையே ஆயிரக் கணக்கில் உள்ளனர். எனவே இம்முறை உங்களை அந்தப் பக்கத்துக்கு அழைத்துப் போகலாமென நினைக்கிறேன்.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள், சகோதரிகளே. ஏழு எமிரேட்களில் ஆறுக்கு மேற்கே, வளைகுடாவை நோக்கிய கரை உண்டு. புஜைராவுக்கு மட்டும் அது இல்லை. அதன் கரை முழுவதும் கிழக்கே ஓமான் வளைகுடாவைப் பார்த்தபடி உள்ளது. கோர்பக்கான், கல்பா, திப்பா அல் ஹிஸ்ன் என்ற மூன்று ஊர்கள் புஜைராவின் ஊர்களுக்கு இடையிடையே கிடந்தாலும் அவை ஷார்ஜாவுக்குச் சொந்தமானவை. மேற்குக்கும் கிழக்குக்கும் நடுவில் ஹஜர் மலைத்தொடர் நிற்கிறது. ஹஜர் என்றால் அறபியில் கல். பெயருக்கேற்ப புல் பூண்டில்லாத வெறுங் கல் மலைகள். ஓமானுக்குள் போனால் இதே தொடர் 3000 மீற்றர் உயரத்தைத் தொடுகிறது.

ஷார்ஜாவில் என் தம்பி வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். குளிர் காலம், பகலில் வெளியே திரிய ஏற்ற காலம். ஒரே நாளில் கிழக்குக் கரையைச் சுற்றிக் காட்டும் வான் ஒன்றில் தம்பி எனக்கு இடம் பிடித்துத் தந்தார். இரண்டு இடமாகப் பிடிக்கச் சொன்னேன். இரண்டாவது இடம் ராத்தாவுக்கு.

ராத்தா எனக்கு இரத்த உறவில்லை. எங்கள் ஊர்க்காரி, என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். அஜ்மானில் ஒரு வீட்டில் பதினான்கு வருடங்களாகப் பணிப்பெண்ணாக இருக்கிறார். அந்த வீட்டின் நான்கு பிள்ளைகளையும் வளர்த்தது அவரது கைதான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊர் வந்து போவார். பதினான்கு வருடத்தில் அவர் பார்த்த இடங்கள் அஜ்மானின் ஒரு சுப்பர் மார்க்கட், பிள்ளைகளின் பாடசாலை வாசல், இரண்டு வைத்தியசாலைகள், விமான நிலையம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுப் பணியாளருக்கென 2017ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டம் அங்கே வந்தது. 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்குப் பதிலாக வந்தது. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்துடன் ஓய்வு, நாளொன்றுக்கு 12 மணித்தியால ஓய்வு, அதிலும் தொடர்ந்து 8 மணித்தியாலம், வருடத்துக்கு 30 நாள் விடுமுறை என்பவை எழுத்தில் உள்ளன. கடவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் பணியாளரே வைத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து யாராவது போவதாக இருந்தால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நாளில் வேலை செய்தால் அதற்குப் பதில் இன்னொரு நாளோ பணமோ கொடுக்க வேண்டும் என்றும் உண்டு. ராத்தா எப்போதும் பணத்தைத்தான் எடுத்தார். ஊரில் கட்டிய வீட்டின் கூரை அந்த ஓய்வு நாட்களிலிருந்து வந்தது. இப்போது மகளின் படிப்பும் அதிலிருந்தே போகிறது.

இம்முறை ஒரு நாள் கேட்டார். மெடம் முகம் சுளிக்காமல் விட்டாராம். வேறொரு காரணமும் இருந்தது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கும்படி மெடம் கேட்டுக்கொண்டிருந்தார். மகளோ "போதும் உம்மா, வந்திடுங்க" என்கிறாளாம். மாத முடிவுக்குள் ராத்தா ஒரு பதில் சொல்ல வேண்டும்.

வானில் பதின்மூன்று பேர். வழிகாட்டி ஒரு மலையாள இளைஞர். ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மாறி மாறிப் பேசினார். எங்கள் இருவருக்காகக் கொஞ்சம் மலையாளமும் சேர்த்துக்கொண்டார், பாதி விளங்கியது. தைத் எனும் பேரீச்சைச் சோலை ஊரைத் தாண்டியதும் மணல் மெல்ல மெல்லச் சரளைக் கல்லாகி, சரளை மலையாகியது. வழியெங்கும் முட்கிளைகளோடு 'காப்' மரங்கள் நின்றன. அதுதான் இந்நாட்டின் தேசிய மரம். அடியில் ஆடுகள்.

முதல் தரிப்பு மஸாபி சந்தை. பெயர் வெள்ளிக்கிழமைச் சந்தை, ஆனால் எல்லா நாளும் திறந்திருக்கிறது. பாதையின் இரு மருங்கிலும் பழக்கடை, பூச்சாடி, மட்பாண்டம், கம்பளம். கம்பளங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு இயந்திரத்தில் நெய்தவை என்பது தொட்டாலே தெரிந்தது. இங்கே எங்களுக்கு ஐம்பது நிமிடம் தந்தார்கள். பின்னால் ஐந்நூறு வருடப் பழைமையான பள்ளிவாசலுக்கு இருபத்தைந்து நிமிடம் தந்தார்கள். சுற்றுலாக் கம்பனிகளின் கணக்கு எனக்கு விளங்குவதில்லை. ராத்தா பேரம் பேசி ஒரு போத்தல் சித்ர் மரத் தேன் வாங்கினார். கடைக்காரர் சொன்ன விலையில் பாதிக்கு வாங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். சரளமான அறபி! வழிகாட்டி திரும்பிப் பார்த்தார்.

மஸாபி என்ற பெயரை நீங்கள் தண்ணீர்ப் போத்தலில் பார்த்திருக்கலாம். இங்குள்ள ஊற்று நீருக்குப் பேர் போன இடம் இது. இந்த மலைகளில் மழை குறைவு. பெய்வதும் சில மணித்தியாலங்களில் வெள்ளமாய் ஓடிவிடும். அதனால் மலையடியில் ஊறும் நீரை நிலத்தடிக் கால்வாய் வெட்டி, சாய்வைப் பார்த்துப் பார்த்து, தோட்டம் வரை கொண்டுவந்தார்கள். அதற்குப் பெயர் பலஜ். ஒவ்வொரு தோட்டத்துக்கும் இவ்வளவு நேரம் என்று முறை வைத்து நீர் விடுவார்கள். பகலில் நிழலைக் கொண்டும் இரவில் நட்சத்திரத்தைக் கொண்டும் நேரத்தை அளந்தார்கள். முறையைக் கண்காணிக்க அரீப் என்றொருவர் இருப்பார். "நம்மட வட்டவிதானைதான்" என்றார் ராத்தா. உண்மையில் வயல் உள்ள எங்கள் ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இந்தப் பலஜ் முறையை யுனெஸ்கோ 2020இல் மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கினால் திடீரெனக் கடல். அது திப்பா. ஒரே ஊர், மூன்று சொந்தக்காரர். ஒரு பகுதி புஜைராவுக்கு, ஒரு பகுதி ஷார்ஜாவுக்கு, மூன்றாவது பகுதி ஓமானுக்கு. இஸ்லாத்துக்கு முன்பே அறபு நாட்டின் பெரிய சந்தைகளில் ஒன்று இங்கே கூடியது. சிந்து, இந்தியா, சீனா முதலான தேசங்களிலிருந்து வணிகர்கள் வந்ததாகப் பழைய அறபு நூல்கள் சொல்கின்றன. கலீபா அபூபக்ர் (ரழி) அவர்களின் காலத்தில், 632-633 அளவில், பெரும் யுத்தமொன்றும் இங்கே நடந்தது. இன்று அமைதியான மீனவ ஊர்.

ஷார்ஜாவுக்குச் சொந்தமான பகுதியில் மீன் வாசம் மூக்கைத் துளைத்தது. ராத்தா மூக்கை உயர்த்தி, "ஜாடி!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சொன்னது சரிதான். அறுக்குளா, சூரை போன்ற மீன்களைத் துண்டு போட்டு உப்பு அடுக்கி அடுக்கி மூடி வைப்பார்கள். அதற்கு மாலிஹ் என்று பெயர். குளிரூட்டி இல்லாத காலத்தில் மலைக்கு உள்ளே இருந்தவர்களுக்கு மீன் கிடைத்தது இப்படித்தான். திப்பா அல் ஹிஸ்னில் மாலிஹுக்கென்றே திருவிழா நடத்துகிறார்கள். நாம் கொறுக்காப் புளி சேர்ப்போம், அவர்கள் சேர்ப்பதில்லை. சோற்றோடு, வெங்காயமும் தேசிக்காயும் பிழிந்து உண்பார்களாம். எஜமான் வீட்டில் மாதம் ஒரு தடவை தானே சமைப்பதாகச் சொன்ன ராத்தா, அந்த மீன் எங்கிருந்து வருகிறது என்பதை அன்றுதான் கண்டார்.

அடுத்தது பித்யா. புஜைரா நகரிலிருந்து 35 கிலோ மீற்றர் அளவில் வடக்கே, பாதையோரத்திலேயே இருக்கிறது. இராச்சியத்தில் இன்றும் தொழுகை நடைபெறும் பள்ளிவாசல்களுள் மிகப் பழையது இதுவென்கிறார்கள். 1997-98இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தாரும் புஜைரா தொல்பொருட் திணைக்களத்தாரும் சேர்ந்து ஆய்வு செய்தனர். கட்டப்பட்டது 1446 அளவில் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

பெரிய கட்டடமொன்றை எதிர்பார்த்து இறங்கினால் ஏமாந்து போவீர்கள். ஒவ்வொரு பக்கமும் 7 மீற்றருக்கும் சற்றுக் குறைவு. எங்கள் ஊரில் ஒரு நடுத்தர வீட்டு மண்டபம் அவ்வளவு இருக்கும். மரமே பாவிக்கவில்லை, ஏனெனில் மரம் இல்லை. கல்லும் மண்ணும்தான், மேலே சாந்துப் பூச்சு. கூரையில் நான்கு குவிமாடங்கள், ஒன்று போல் ஒன்று இல்லை. பெரிய சட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் சின்னச் சட்டி, அதற்கு மேல் இன்னும் சின்னச் சட்டி கவிழ்த்தது போல அடுக்கடுக்காக இருக்கின்றன. மினாரா கிடையாது. உள்ளே போனால் நடுவில் ஒரே ஒரு தூண். நான்கு குவிமாடத்தின் பாரமும் அந்த ஒரு தூணில் வந்து இறங்குகிறது. சுவரில் சிறு மாடங்கள், வெளிச்சத்துக்குச் சின்னச் சின்னத் துவாரங்கள், சின்னதொரு மிம்பர். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே மண்குடத்துக்குள் இருப்பது போலக் குளிர்.

ராத்தா இரண்டு ரக்அத் தொழுதார். எழுந்து வந்து தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இத மட்டும் புடுங்கினா எல்லாம் விழுந்திடும், என்ன தங்கச்சி?" என்றார். நான் ஓம் என்றேன். வேறொன்றும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னாலுள்ள குன்றில் இரண்டு காவற் கோபுரங்கள் இருக்கின்றன. படி ஏறிப் போனால் ஒரு பக்கம் பேரீச்சந் தோட்டம், மறு பக்கம் கடல். மூட்டு வலியுள்ளவர்களும் ஆறுதலாக ஏறலாம், நான் ஏறினேன். கடலில் வரிசை வரிசையாக எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. அபூதாபியின் எண்ணெயை ஹோர்முஸ் நீரிணைக்குப் போகாமலே கப்பலேற்றுவதற்காக 2012இல் புஜைராவுக்குக் குழாய் போட்டார்கள். கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் உலகின் பெரிய இடங்களில் புஜைராவும் ஒன்று. 1446இல் கட்டிய மண் குவிமாடமும் அந்தக் கப்பல்களும் ஒரே பார்வையில் விழுகின்றன.

பகலுணவு கோர்பக்கானில். அழகான பிறை வடிவக் குடா. 1507இல் போர்த்துக்கேயத் தளபதி அல்புகெர்க் இந்த ஊரைக் கொளுத்திக் கொள்ளையடித்தார். அவரது கப்பல்கள் மஸ்கட்டையும் எரித்துவிட்டு ஹோர்முஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்த வழி அது. கொழும்பில் போர்த்துக்கேயர் முதன் முதலில் வந்திறங்கியதும் அதற்கு ஓரிரு வருடங்கள் முன்னர்தான். வாசனைத் திரவியக் கடல் வழியில் எங்கெங்கு துறைமுகம் இருந்ததோ அங்கெல்லாம் இதே கதை. நாம் பாடசாலையில் எமது பக்கத்துக் கதையை மட்டும் படித்தோம்.

2019இல் ஷார்ஜாவிலிருந்து மலையைக் குடைந்து ஐந்து சுரங்கங்களுடன் நேர்ப் பாதை திறந்த பின்னர் கோர்பக்கானுக்குச் சனம் பெருகியிருக்கிறது. மலைச் சரிவில் ரோமானிய பாணியில் ஓர் அரங்கும், செயற்கை நீர்வீழ்ச்சியும் கட்டியிருக்கிறார்கள். படம் பிடிக்க நல்லவை. எனக்கு அவற்றைவிடப் புனரமைத்த பழைய கடைத்தெரு பிடித்தது. ஒடுங்கிய சந்து, ஓலை வேய்ந்த கூரை, மரக் கதவுகள்.

அங்கே ஒரு மூலையில் வயதான அறபுப் பெண் ஒருவர் தரையில் அமர்ந்து ரிகாக் சுட்டுக்கொண்டிருந்தார். வட்ட இரும்புத் தட்டு சூடாக இருக்க, கையில் பிசைந்த மாவை எடுத்து வெறுங் கையாலேயே தட்டில் ஓட்டுகிறார். கடதாசி போல மெல்லிய ரொட்டி வருகிறது. முகத்தில் புர்கா. நாம் இங்கே சொல்லும் புர்கா அல்ல. நெற்றியையும் மூக்கையும் வாயையும் மறைக்கும், செம்பு போல மினுங்கும் ஒரு முகக்கவசம். உலோகமென்றே நான் நினைத்திருந்தேன். அவுரிச் சாயமேற்றித் தேய்த்து மினுக்கிய துணி அது. சாயம் முகத்தில் நீலமாக ஒட்டும். மூத்த பெண்கள் மாத்திரமே இன்று அணிகிறார்கள்.

வழிகாட்டிக்கு அந்த மூதாட்டியின் பேச்சு பிடிபடவில்லை. அவர் பேசியது மலைப்பக்கத்து அறபி. ராத்தா முன்னால் போய்க் குந்தினார். அவ்வளவுதான், இருபது நிமிடம் எங்கள் பதின்மூன்று பேருக்கும் வழிகாட்டி ராத்தாதான். மூதாட்டி சொல்ல ராத்தா தமிழில் எனக்குச் சொல்வார். நான் ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொல்வேன். மூதாட்டி சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீடு அரீஷ் வீடாம், அதாவது பேரீச்சை ஓலையால் கட்டியது. கோடையில் கடலோரத்தை விட்டுத் தோட்டங்களுக்குப் போய்விடுவார்களாம். ஆண்கள் மாதக் கணக்கில் கடலில். தண்ணீர் சுமப்பதும் ஆடு மேய்ப்பதும் ஓலை பின்னுவதும் பெண்கள். அவரது மடியில் தல்லி வேலைக்கான சிறு தலையணையும் இருந்தது. பருத்தி நூலையும் சரிகையையும் விரல்களால் மாற்றி மாற்றிப் பின்னி, உடுப்பின் கழுத்துக்கும் கைக்கும் தைக்கும் பட்டி அது. தல்லிக் கலையும் 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்திருக்கிறது. ஆனால் தன் பேத்திகளில் ஒருத்திக்கும் பின்னத் தெரியாது என்று மூதாட்டி சொன்னார்.

பிறகு மூதாட்டி ராத்தாவிடம் ஏதோ கேட்டார். ராத்தா கொஞ்ச நேரம் கழித்தே பதில் சொன்னார். மொழிபெயர்க்கவில்லை. வானில் ஏறிய பிறகுதான் என்னிடம் சொன்னார். "எத்தின புள்ள எண்டு கேட்டா. அஞ்சி எண்டு சொல்லிட்டன். நாலு அங்க, ஒண்டு ஊர்ல."

புஜைரா நகரக் கோட்டைக்குப் போகும்போது மூன்றரை மணி. சிறிய பாறைக் குன்றின் மேல், நாலு பக்கமும் நாலு விதமாக நிற்கும் கோட்டை. 16ஆம் நூற்றாண்டில் கட்டியதாகக் கணிக்கிறார்கள். வட்டக் கோபுரம், சதுரக் கோபுரம், இடிந்தது போல ஒரு மதில். மண் நிறத்திலிருந்து வேறு நிறமே இல்லை. 1925இல் 'லோரன்ஸ்' என்ற பிரித்தானியக் கப்பல் கடலிலிருந்து சுட்டு மூன்று கோபுரங்களைத் தகர்த்தது. நீண்ட காலம் அப்படியே கிடந்ததை 1998 முதல் 2000 வரை திருத்திக் கட்டினார்கள். அருமையாகச் செய்திருக்கிறார்கள், பழைய முறையில் மண்ணும் சுண்ணமும் கொண்டே. சுற்றிலும் பழைய கிராமத்தின் இடிந்த வீடுகள் இருக்கின்றன. வெள்ளி மாலைகளில் கடற்கரைப் பக்கம் காளைகளை மோத விடும் விளையாட்டு நடக்குமாம். ஆயுதமில்லை, இரத்தமில்லை, பின்வாங்கும் காளை தோற்றது. நாங்கள் போனது சனிக்கிழமை.

புஜைராவைப் பிரித்தானியர் தனி அரசாக ஏற்றுக்கொண்டது 1952இல், எல்லோருக்கும் கடைசியாக. அதற்கு முன்பே தெற்கே பக்கத்திலுள்ள சின்னஞ்சிறு கல்பாவை 1936இல் தனி அரசாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். காரணம் வேடிக்கையானது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் பறந்த இம்பீரியல் எயர்வேஸ் விமானங்கள் அவசரத்துக்கு இறங்க ஓர் இடம் கல்பாவில் தேவைப்பட்டது.

கல்பாவில் ஷெய்க் ஸயீத் பின் ஹமத் அல் காஸிமியின் பழைய வீடு இன்று நூதனசாலையாக இருக்கிறது. அவர் 1937இல் காலமானார். வாரிசு சிறுவன். அந்த நேரத்தில் அவரது மகள் ஆயிஷா விரைந்து வந்து கோட்டையின் பாதுகாப்பை ஒழுங்கு செய்தார். ஊர்ப் பெரியவர்கள் கூடி, சிறுவன் வளரும் வரை ஆட்சியைப் பார்க்க பரூத் என்பவரைத் தெரிவு செய்தார்கள். பரூத் அந்த வீட்டின் அடிமை. பிரித்தானியர் அதை ஏற்கவில்லை. இழுபறிக்குப் பிறகு ஷார்ஜாவின் முன்னாள் ஆட்சியாளர் காலித் பின் அஹ்மத் பொறுப்பேற்றார். 1952 அளவில் கல்பா மீண்டும் ஷார்ஜாவோடு சேர்ந்துவிட்டது. வழிகாட்டி இதை இரண்டு வரியில் முடித்தார். எனக்கோ அன்று கேட்ட கதைகளில் இதுதான் பெரிதாகத் தெரிந்தது. ஒரு மகள் கோட்டைக் கதவைக் காத்தார். வீட்டு அடிமை ஆளத் தகுந்தவர் என்று ஊர் நினைத்தது. அந்தக் காலத்து மனிதர்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணங்களில் இது எதனோடும் பொருந்தவில்லை.

கடைசியாக கோர் கல்பா கண்டல் காடு. அறபு நாட்டின் மிகப் பழைய கண்டல் காடுகளில் ஒன்றென்கிறார்கள். 2012 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. வெண்பட்டு மீன்கொத்தியில் ஓர் இனம் இங்குள்ள கண்டலிலும் அதையொட்டிய ஓமான் கரையிலும் மட்டுமே வாழ்கிறது, அதன் விஞ்ஞானப் பெயரிலேயே கல்பா இருக்கிறது. எங்களுக்கு அது தென்படவில்லை. களப்புக் கரையில் வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன, நண்டுகள் ஓடின. மட்டக்களப்பு வாவியோரத்தில் பிறந்த எங்கள் இருவருக்கும் எதையும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ராத்தா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றார். வெயில் எமது முதுகுப் பக்கம், மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அஜ்மானில் சூரியன் கடலுக்குள் விழும், இங்கே காலையில் கடலிலிருந்து எழும்பும். எங்கள் ஊரிலும் அப்படித்தானே. "பதினாலு வருசம் சூரியன் தப்பான பக்கம் போய்க்கிட்டிரிக்கிற மாதிரியே இரிந்திச்சி" என்றார். கிழக்குக் கரை ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் இருப்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்டதில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. கல்பா பாதையும் மலைச் சுரங்கத்துக்குள்ளால் வருகிறது. வாதி ஹெலோ எனும் பள்ளத்தாக்கு வழியில் உள்ளது, வெண்கலக் காலத்திலேயே அங்கு செம்பு உருக்கியிருக்கிறார்கள். அதற்கப்பால் மெலைஹா, பாயா பிரதேசம். ஆதி மனிதர்கள் இரண்டு இலட்சம் வருடங்களுக்கு முன்பே நடமாடிய தடயங்கள் அங்கே கிடைத்துள்ளன. 2025இல் பாயா உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றது. வானில் எல்லோரும் நித்திரை. ராத்தா மட்டும் விழித்திருந்து மகள் பற்றிப் பேசினார். கல்வியியற் கல்லூரியில் படிக்கிறாள், முடிய இன்னும் ஒன்றரை வருடம். நான் ஆலோசனை சொல்லவில்லை. மாதச் சம்பளத்தின் கணக்கு எனக்குத் தெரியாதா?

போக விரும்புவோருக்கு ஒரு சில குறிப்புகள். நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள், மற்றைய மாதங்களில் வெயில் தாங்காது. மலையில் மழை பெய்தால் ஓடைப் பக்கம் போகவே வேண்டாம், வெள்ளம் நிமிடத்தில் வரும். தட்டையான செருப்பு அணியுங்கள். பித்யாவில் உடலை மறைக்கும் உடை கட்டாயம். முடிந்தால் சந்தையில் நேரத்தைக் கழிக்காமல் பள்ளிவாசலிலும் கல்பாவிலும் கூட நேரம் கேளுங்கள். பணிப்பெண்களாக உள்ள உறவினர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வாரம் முன்பே அவர்களது ஓய்வு நாளைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அன்று காலை கேட்டால் கிடைக்காது.

நான் ஊர் திரும்பி இரண்டு வாரத்தில் ராத்தா தொலைபேசியில் பேசினார். கையெழுத்து வைத்துவிட்டாராம். ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிறுகளுக்குப் பணம் வேண்டாம், அந்த நாட்களே வேண்டும் என்று மெடத்திடம் சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்திருக்கிறார். மகள் இரண்டு நாள் பேசவில்லை, பிறகு சரியாகிவிட்டாள். கோர்பக்கானுக்கு எங்கிருந்து பஸ் என்று கேட்டார். தம்பியிடம் விசாரித்து, ஷார்ஜா அல் ஜுபைல் பஸ் நிலையத்திலிருந்து போகிறது என்று சொன்னேன்.